அழாத பிள்ளைக்கும் வலிக்கும்: ஆபரேஷன் முடிந்த குழந்தையின் வலியைக் கவனிப்பது எப்படி

ஊட்டியிலோ கோத்தகிரியிலோ ஓர் ஆஸ்பத்திரி வார்டு, இரவு பத்து மணி என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டிலில் மூன்று வயதுப் பையன். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து நான்கு மணி நேரம் ஆகிறது. வார்டே அதிரும்படி கத்துகிறான். கடைசிக் கட்டிலில் ஏழு வயதுப் பெண். குடல்வால் எடுத்திருக்கிறார்கள். இரண்டு கம்பளிக்குள் சுருண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். சத்தமே இல்லை. வேலைக்குப் புதிதாக வந்த நர்ஸ் பையனிடம்தான் ஓடுவார். ஆனால் பையனுக்கு வேண்டியது ஒரு வாய் பாலாக இருக்கலாம். காலையிலிருந்து வெறும் வயிறு. அந்தப் பெண் அசையாமல் கிடப்பதோ, அசைந்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கும் என்பதால் இருக்கலாம்.

குழந்தை வார்டில் முதலில் பழக வேண்டியது இதுதான்: சத்தத்தை வைத்து வலியை அளக்கக் கூடாது. கனிவான கவனிப்பு என்றால் தலையைத் தடவி இரண்டு நல்ல வார்த்தை சொல்வது என்று பலரும் நினைக்கிறார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் பிள்ளையைக் கேட்பது, வலியை எண்ணால் அளப்பது, மருந்தை நேரம் தவறாமல் கொடுப்பது, கொடுத்த பிறகு திரும்பி வந்து பார்ப்பது என்கிற வேலைகள் நடக்காத இடத்தில் தடவிக் கொடுப்பதால் பெரிய பயன் இல்லை. இவற்றில் அதிகம் விட்டுப்போவது கடைசி வேலை.

பச்சிளங்குழந்தைக்கு வலியே தெரியாது என்று மருத்துவர்களே நம்பிய காலம் ஒன்று இருந்தது. நரம்பு இன்னும் முதிரவில்லை, அழுகை வெறும் அனிச்சைச் செயல் என்று சொல்லி, குறைமாதக் குழந்தைகளுக்கு நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷனைக்கூடப் போதிய வலிமருந்து இல்லாமல் செய்தார்கள். இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கே.ஜே.எஸ். ஆனந்தும் உடன் பணியாற்றியவர்களும் 1987-ல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. ஆபரேஷனின்போது 'ஃபென்டனில்' என்ற வலிமருந்து கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளின் உடலில் அழுத்த ஹார்மோன்கள் குறைவாகவே ஏறின. பின்னால் வந்த சிக்கல்களும் குறைந்தன. வலியைத் தணிப்பது சலுகை இல்லை, அது சிகிச்சையின் பகுதி என்பது அதன் பிறகுதான் மெல்ல ஊன்றியது.

வயிற்றில் தையல் போட்ட பிள்ளைக்கு வலி இருந்தால் ஆழமாக மூச்சு இழுக்காது, இருமாது. சளி நெஞ்சில் தங்கும். மலைக்குளிரில் ஏற்கெனவே சளி பிடித்த பிள்ளை என்றால் நிலைமை இன்னும் மோசம். சாப்பிடாது, தூங்காது, எழுந்து நடக்காது. அடுத்த முறை வெள்ளை கோட்டைக் கண்டாலே கத்தத் தொடங்கும்.

கேட்பது

"வலிக்குதா?" என்று கேட்டால் நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் பலர் "இல்ல" என்றுதான் சொல்வார்கள். காரணம் எளிது. வலிக்குது என்றால் ஊசி வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்த பிள்ளைக்குத் தொடையிலும் இடுப்பிலும் வலி ஊசி குத்துவது தப்பான பழக்கம் என்பதற்கு இதுவே போதுமான காரணம். வாய்வழி மருந்து இருக்கிறது. டிரிப்புக்காகக் கையில் போட்டு வைத்த குழாய், வென்ஃப்ளான், இருக்கிறது. "வலிக்குதுன்னு சொன்னா ஊசி குத்த மாட்டேன், கண்ணு. குடிக்கிற மருந்துதான்" என்று முதலில் சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஒரு தடவை ஏமாற்றிவிட்டால் அந்தப் பிள்ளை அந்த வார்டில் யாரையும் நம்பாது.

பிறகு, "எங்க வலிக்குது? கையால காட்டு" என்று கேளுங்கள். நீலகிரியில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஆஸ்பத்திரியில் எல்லாரும் தமிழ் பேசினாலும், பிள்ளையின் வீட்டு மொழி படுகு மொழியாகவோ, கூடலூர்ப் பக்கம் மலையாளமாகவோ, பணியர், குறும்பர் வீட்டுப் பேச்சாகவோ இருக்கலாம். நான்கு வயதுப் பிள்ளைக்கு 'வலி' என்ற சொல்லே பிடிபடாமல் போகலாம். உள்ளே சேர்க்கும் அன்றே தாயிடம், "உடம்பு நோகுதுன்னா உங்க வீட்ல எப்படிச் சொல்வான்?" என்று கேட்டு, அந்தச் சொல்லைக் கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் எழுதி வையுங்கள். இரவு டியூட்டிக்கு வருபவருக்கு அந்த ஒரு சொல் பெரிய உதவி. "வலி வந்தா இவன் என்ன பண்ணுவான்?" என்றும் கேளுங்கள். ஒரு பிள்ளை காதைப் பிடித்து இழுக்கும். இன்னொன்று வாயே திறக்காமல் போர்வையைக் கடிக்கும். தாய்க்கும் பாட்டிக்கும் தெரிந்த இந்த அடையாளங்கள் வழக்கமான அளவுகோல்களில் இல்லை.

"ஆம்பளப் பிள்ளை அழலாமா?", "அழுதா டாக்டர் வந்து ஊசி போட்டுடுவாரு" என்ற இரண்டு பேச்சும் வார்டில் வேண்டாம். உறவினர்கள் சொன்னாலும் தன்மையாக நிறுத்துங்கள். முதலாவது வலியை மறைக்கக் கற்றுக்கொடுக்கிறது; இரண்டாவது மருத்துவரைப் பூச்சாண்டி ஆக்குகிறது.

அளப்பது

எட்டு வயதுக்கு மேல் பெரும்பாலான பிள்ளைகள் 0 முதல் 10 வரை எண்ணாகவே சொல்லிவிடுவார்கள். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் இதுக்கு மேல் முடியாது. நான்கு முதல் ஏழு வயது வரை முகப் படங்கள் வரைந்த அட்டை உதவும். அதைக் காட்டும்போது, "இந்த முகத்துக்கு வலியே இல்லை, இதுக்குக் கொஞ்சம், இந்தக் கடைசி முகத்துக்கு ரொம்ப ரொம்ப வலி, உனக்கு இப்ப எது?" என்று கேளுங்கள். 'சிரிக்கிற முகம், அழுகிற முகம்' என்று சொன்னால் பிள்ளை தனக்குப் பிடித்த முகத்தைத் தொட்டுவிடும். அட்டை இல்லையா? நான்கு புளியங்கொட்டை போதும். ஒன்று என்றால் கொஞ்சூண்டு வலி, நான்கும் என்றால் தாங்க முடியாத வலி. "உன் வலி எத்தனை கொட்டை?" என்று கேட்டால் நாலைந்து வயதுப் பிள்ளை எடுத்துக் கையில் வைக்கும். அந்தப் பிள்ளை விழுங்கக்கூடியது என்றால் கொட்டையைத் திரும்ப எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.

வலியைத் தானே சொல்ல முடியாத பிள்ளைக்கு, இரண்டு மாதம் முதல் ஏழு வயது வரை, 1997-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட 'ஃப்ளாக்' அளவுகோலை இன்று உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்துக்கும் 0, 1, 2 என மதிப்பெண். மொத்தம் 10. முதல் கட்டில் பையனையே எடுத்துக்கொள்வோம். நெற்றி சுருங்கி, தாடை நடுங்கிக்கொண்டே இருக்கிறது: 2. கால்களை வயிற்றோடு மடக்கி உதைக்கிறான்: 2. உடல் நெளிகிறது, ஆனால் வில்லாக வளையவில்லை: 1. விடாத அழுகை: 2. அம்மா தூக்கினால் சற்று அடங்குகிறான்: 1. ஆக 8. ஏழும் அதற்கு மேலும் கடும் வலி. நான்கு முதல் ஆறு நடுத்தரம். மூன்றும் அதற்குக் கீழும் லேசான தொல்லை.

ஆனால் இந்த எட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது. பசி, தாகம், முட்டிக்கொண்டு நிற்கும் சிறுநீர், டிரிப் ஊசி நரம்பை விட்டு விலகிக் கை வீங்கியிருப்பது, இறுக்கமான கட்டு, தாயைக் காணாத பயம் எல்லாமே இதே எட்டைக் கொடுக்கும். முதலில் டிரிப் போட்ட கையைத் தொட்டுப் பாருங்கள், அடிவயிற்றைப் பாருங்கள், தாயை அழைத்து மடியில் கொடுங்கள், குடிக்க அனுமதி இருந்தால் குடிக்கக் கொடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப மதிப்பெண் போடுங்கள். இறங்கவில்லையென்றால் அது வலிதான். அதற்காகக் கடும் வலி என்று தெளிவாகத் தெரிகிற பிள்ளையை ஐந்து நிமிடம் காக்க வைக்க வேண்டியதில்லை.

மயக்கம் தெளியும் முதல் அரை மணியில் இன்னொரு குழப்பம் வரும். ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளை கண்ணைத் திறந்தபடி திமிறும், டிரிப்பைப் பிடுங்கும், தாயைக்கூட அடையாளம் தெரியாது. இது மயக்கமருந்தின் விளைவாக இருக்கலாம். வலியில் அழும் பிள்ளை தாயைப் பார்க்கும். இந்தப் பிள்ளையின் பார்வை யார் மீதும் நிற்காது. விளக்கைக் குறைத்து, கட்டிலிலிருந்து விழாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தானாக அடங்கும். நீடித்தால் மயக்கமருந்து மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மருந்து

மருந்தை எழுதுவது மருத்துவர். கணக்கைச் சரிபார்ப்பதும் நேரத்துக்குக் கொடுப்பதும் நர்ஸின் வேலை. குழந்தை வார்டில் தவறுகள் பெரும்பாலும் கணக்கில்தான் நடக்கின்றன, ஆகவே ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

பையனின் எடை 14 கிலோ. பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. 14 × 15 = 210 மி.கி. ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் இல்லை; மொத்தம் 840 மி.கி., கிலோவுக்கு 60. கடையில் கிடைக்கும் சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. கொண்டதும் உண்டு, 250 மி.கி. கொண்டதும் உண்டு. முதலாவதில் 210 மி.கி. வேண்டுமென்றால் 8.75 மி.லி.; இரண்டாவதில் 4.2 மி.லி. கைக்குழந்தைச் சொட்டு மருந்தோ மி.லி.க்கு 100 மி.கி. அதில் 2.1 மி.லி. போதும். 'ஒரு ஸ்பூன் கொடுங்க' என்று வாயால் சொல்லிவிட்டு, வீட்டில் சொட்டு மருந்துப் பாட்டில் இருந்தால் என்ன ஆகும்? 5 மி.லி. உள்ளே போகும், அதாவது 500 மி.கி.; அது வேண்டிய அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இதை ஒரு நாளைக்கு நான்கு முறை, இரண்டு மூன்று நாள் கொடுத்தால் கல்லீரல் கெடும். ஆகவே ஸ்பூன் பேச்சே வேண்டாம். மி.லி. கோடு போட்ட மூடியோ, ஊசி இல்லாத சிரிஞ்சோ கொடுத்து, அந்தக் கோட்டில் பேனாவால் குறி போட்டு அனுப்புங்கள். பாலாடையில் ஊற்றினால் கெட்டியான சிரப் பாதி அதிலேயே ஒட்டிக்கொள்ளும்; சிரிஞ்சே மேல். கன்னத்தின் உள்பக்கமாக மெல்ல விடுங்கள், தொண்டைக்கு நேரே பீய்ச்சினால் புரையேறும்.

டிரிப்பில் போகும் பாரசிட்டமால் 100 மி.லி. பாட்டிலில் 1 கிராம், அதாவது மி.லி.க்கு 10 மி.கி. நம் பையனுக்கு 21 மி.லி., 15 நிமிடத்தில். பாட்டிலை அப்படியே மாட்டி 'பாதியில நிறுத்திக்கலாம்' என்று அடுத்த கட்டிலுக்குப் போகவே கூடாது. மறந்தால் ஒரே மூச்சில் 1,000 மி.கி. உள்ளே போய்விடும். தேவையானதை மட்டும் பியூரெட்டிலோ (அளவுக் கோடு போட்ட டிரிப் குழாய்) சிரிஞ்சிலோ எடுத்துவிட்டுப் பாட்டிலைக் கழற்றி வையுங்கள். பத்துக் கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நரம்பு வழி அளவு பாதி, கிலோவுக்கு 7.5 மி.கி. 6 கிலோ குழந்தைக்கு 45 மி.கி., அதாவது 4.5 மி.லி. 'நாற்பத்தஞ்சு' என்று கேட்டு 45 மி.லி. ஏற்றிய பிழை உலகின் பல ஆஸ்பத்திரிகளில் நடந்திருக்கிறது. மி.கி., மி.லி. இரண்டையும் எழுதி, இருவர் பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

இதனுடன் ஐபுப்ரொஃபென் சேர்த்தால் இரண்டும் வெவ்வேறு வழியில் வேலை செய்து வலியை நன்றாக இறக்கும். கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி., 6 முதல் 8 மணிக்கு ஒரு முறை, வயிற்றில் ஏதாவது இருக்கும்போது. நீர்ச்சத்து வற்றிய பிள்ளை, சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளை, இரத்தக் கசிவு இருக்கும் பிள்ளை, மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தை ஆகியோருக்கு வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் இரண்டு மருந்தும் கலந்தே ஒரு சிரப் விற்கிறது. அதைக் கொடுத்துவிட்டுத் தனியாகப் பாரசிட்டமாலும் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும், கவனம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வலிக்காகக் கொடுக்கக் கூடாது. நிமசுலைட் 12 வயதுக்குக் கீழ் இந்தியாவில் 2011 முதல் தடை. கோடீனும் டிரமடாலும் 12 வயதுக்குக் கீழ் கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்தது. சில பிள்ளைகளின் உடல் அவற்றை மிக வேகமாக வீரியமான பொருளாக மாற்றி மூச்சையே அடக்கிவிடுகிறது.

'வலிச்சா கொடுங்க' என்று எழுதிய மருந்து, முதல் இரண்டு நாளைக்கு மருந்தே இல்லாத மாதிரிதான். காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12 என்று மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். இதில் தவறுவது எப்போதும் இரவு 12. 'தூங்குது, எழுப்ப வேண்டாம்' என்று விட்டால், அதிகாலை மூன்று மணிக்கு வலியோடு விழிக்கும் பிள்ளையை அடக்க இரண்டு மணி நேரம் ஆகும்.

இடுப்புக்குக் கீழே நடக்கும் ஆபரேஷன்களில், குடலிறக்கம், விரைவீக்கம், சுன்னத்து போன்றவற்றில், முதுகின் அடியில் மரப்பு ஊசி போட்டே பெரும்பாலும் அனுப்புவார்கள். அதன் வேலை நான்கு முதல் ஆறு மணி நேரம். அதுவரை சிரித்து விளையாடிய பிள்ளை, மரப்பு விட்டதும் திடீரென அலறும். 'இவனுக்கு வலியே இல்ல' என்று எழுதி வைத்த நர்ஸுக்குத்தான் தர்மசங்கடம். மரப்பு விடும் முன்பே முதல் பாரசிட்டமால் உள்ளே போயிருக்க வேண்டும். மரத்த காலோடு பிள்ளை கட்டிலிலிருந்து இறங்காமலும் பாருங்கள்.

'மார்பின்' என்ற வீரியமான வலிமருந்து தேவைப்படும் ஆபரேஷன்களும் உண்டு. கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மி.கி., மெதுவாக நரம்பு வழி. ஆம்பூலிலோ மி.லி.க்கு 10 அல்லது 15 மி.கி. இருக்கும், நம் 14 கிலோ பையனுக்கு அதிகபட்சமே 1.4 மி.கி. ஆகவே கரைத்துத்தான் எடுக்க வேண்டும், இருவர் கையெழுத்து வேண்டும், மார்பினுக்கு மாற்று மருந்தான நாலோக்சோன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முதலில் வருவது அசாதாரணத் தூக்கம், அதன் பிறகே மூச்சு குறையும். எழுப்பினால் கண் திறக்காமல் போவது தெரிந்தவுடன் அடுத்த டோஸை நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள், பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம்.

எந்த மருந்தானாலும், நரம்பு வழி கொடுத்தால் 15 முதல் 30 நிமிடத்தில், வாய்வழி கொடுத்தால் 45 முதல் 60 நிமிடத்தில் திரும்பி வந்து மதிப்பெண் போடுங்கள். 'மருந்து கொடுத்தாச்சு' என்ற பதிவுக்குக் கீழே அந்த இரண்டாவது எண் இல்லையென்றால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

எவ்வளவு மருந்து கொடுத்தும் ஏறிக்கொண்டே போகும் வலியை மருந்தால் மட்டும் துரத்தக் கூடாது. கொய்யா மரத்திலிருந்தோ தேயிலைச் சரிவிலோ விழுந்து கை முறிந்து மாவுக்கட்டுப் போட்ட பிள்ளை, அடிக்கடி மருந்து கேட்கிறது, நிலைகொள்ளாமல் தவிக்கிறது, விரலை நீங்கள் நீட்டினால் அலறுகிறது என்றால், கட்டுக்குள் தசை வீங்கி இரத்த ஓட்டம் நெரிபடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். விரல் வெளுக்கும்வரை, நாடி நிற்கும்வரை காத்திருந்தால் கை போய்விடும். உடனே மருத்துவரைக் கூப்பிட்டுக் கட்டைப் பிளக்க வேண்டும். கையை இதய மட்டத்தில் வையுங்கள், அதற்கு மேல் தூக்கிக் கட்ட வேண்டாம்.

மருந்தோடு சேர்ந்தவை

கைக்குழந்தைக்கு இரத்தம் எடுக்கும்போது தாய்ப்பால் கொடுப்பது நல்ல வலி நிவாரணி. பால் கொடுக்க முடியாவிட்டால் 24 சதவீதச் சர்க்கரைக் கரைசல் 0.5 முதல் 2 மி.லி. வரை, இரண்டு நிமிடம் முன்பு நாக்கில் விடலாம். ஆபரேஷன் வலிக்கு இது மாற்று ஆகாது. பெரிய பிள்ளைக்குக் கட்டுப் பிரிக்கும்போது மூச்சுப் பயிற்சி என்று சொன்னால் புரியாது. "சூடா இருக்கிற டீய ஊதி ஆத்துற மாதிரி ஊது பார்க்கலாம்" என்றால் தேயிலை நாட்டுப் பிள்ளைக்கு உடனே புரியும். நீளமாக, மெதுவாக ஊதும். வயிற்றுத் தையல் உள்ள பிள்ளைக்கு இருமும்போது சிறு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். கட்டுப் பிரிக்கும் முன் வலிமருந்து கொடுத்து அரை மணியாவது காத்திருங்கள். "வலிக்கவே வலிக்காது" என்ற பொய் வேண்டாம். "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று சொல்லி, பத்துக்குள் முடியுங்கள்.

குளிர் இங்கே தனி எதிரி. நடுங்கும்போது தையல் இழுக்கும், வலி கூடும். கம்பளியும் குல்லாவும் காலுறையும் ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வரும்போதே தயாராக இருக்கட்டும். வெந்நீர்ப் பை வேண்டாம்: மரத்த காலில் வைத்தால் சுட்டது பிள்ளைக்குத் தெரியாது, கொப்பளித்த பிறகுதான் நமக்குத் தெரியும். சில்லிட்ட விரலில், இரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தப்பாகக் காட்டும் அல்லது காட்டவே காட்டாது. கையை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிவிட்டுப் போடுங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். நல்ல உடம்புக்குமே கோயம்புத்தூரைவிட ஒன்றிரண்டு எண் குறைவாகக் காட்டலாம். ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே ஒரு முறை பார்த்து எழுதி வைத்து, பிள்ளையை அதன் சொந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். 'இது மலை, இப்படித்தான் காட்டும்' என்று ஒரு வீழ்ச்சியை ஒதுக்கினால், மார்பின் கொடுத்த பிள்ளையிடம் அது ஆபத்தில் முடியும்.

வீட்டுக்கு அனுப்பும்போது

மருந்தை யார் கொடுக்கப்போகிறார்களோ அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். அம்மா காலையில் கொழுந்து பறிக்கப் போய்விட்டால் பகல் 12 மணி மருந்து பாட்டியின் கையில்தான். பாட்டிக்குப் படிக்கத் தெரியாவிட்டால் பாட்டிலில் சூரியன், நிலா வரைந்து, சிரிஞ்சில் சிவப்புக் கோடு போடுங்கள்; அவரையே ஒரு முறை எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். மலைப்பாதை வளைவுகளில் பஸ் குலுங்கும், வாந்தி வரும், வாந்தியில் தையல் நோகும். ஏறுவதற்கு முக்கால் மணி முன்பு வலிமருந்து, முன் பக்க சீட், மடியில் ஒரு தலையணை. எஸ்டேட் லயன் வீட்டில் பிள்ளை படுக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கரி போடும் கும்மட்டி அடுப்பு மூட்டக் கூடாது. அந்தப் புகை தெரியாமலே ஆளைக் கொல்லும், வலிமருந்தால் அசந்து தூங்கும் பிள்ளை எழுந்து இருமவும் செய்யாது.

தொண்டைச் சதை எடுத்த பிள்ளைக்கு மட்டும் தனியாக உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். வலி நாளுக்கு நாள் குறையாது. மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம் வரை கூடவும் செய்யும், காதும் வலிக்கும். அது காது நோய் இல்லை, தொண்டை வலி அங்கே தெரிகிறது. மருந்தை நிறுத்தாமல், அரை மணி கழித்து இளஞ்சூட்டுக் கஞ்சியோ ஆறிய பாலோ கொடுக்க வேண்டும். விழுங்காமல் விட்டால் தொண்டை காய்ந்து வலி இன்னும் ஏறும். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் புண்ணின் பொருக்கு உதிரும்போது இரத்தம் கசியலாம். தூக்கத்தில் பிள்ளை அடிக்கடி எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தால் டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். சிவப்பாகப் புது இரத்தம் தெரிந்தால் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, பிள்ளையை உட்கார்ந்தபடி முன்னால் சாய்த்து, இரத்தத்தை விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள். பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஆடி மழையில் வண்டி வந்து சேர நேரமாகும். அதனால் முதல் துளியிலேயே கூப்பிட வேண்டும்.